இல்லாத காலுக்கு ஒரு கணக்கு

மருத்துவபீட நூலகமொன்றில் நான் வேலை பார்த்த காலத்தில், பதவி உயர்வு விண்ணப்பங்கள் கோரப்படும் மாதங்கள் வந்தால் எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு சின்ன வரிசை நிற்கும். அந்த வரிசையில் வருகிற விரிவுரையாளர்கள் புத்தகம் தேடி வருவதில்லை, தங்களைத் தேடி வருவார்கள். என் பெயரில் எத்தனை கட்டுரை இருக்கிறது, அவற்றை எத்தனை பேர் சைட் பண்ணியிருக்கிறார்கள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு, எந்தச் சஞ்சிகைக்கு என்ன இம்பாக்ட் ஃபாக்டர் என்று கேட்பார்கள். நான் தேடி எடுத்து, இரண்டு தடவை பதிவானதைக் கழித்து, தங்கள் கட்டுரையைத் தாங்களே மேற்கோள் காட்டியதைத் தனியாகப் பிரித்து, அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும்.

கசப்பான வேலை என்று சொல்லமாட்டேன். சில வேளை சிரிப்பும் வரும். வயதான வைத்தியர் ஒருவரின் கட்டுரைக்கு மொத்தமாக மூன்று மேற்கோள், அதில் இரண்டு அவருடையவை. “அந்த மூன்றாவது ஆள் ஆர் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ பிள்ளை, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுப்பம்” என்றார். பார்த்தேன், பிரேசிலில் இருந்தார்.

புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களுக்கு இந்தத் தேடலைச் சொல்லிக் கொடுக்க ஒரு வகுப்பு வைக்கச் சொன்னார்கள். உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவருடைய பெயரைப் போட்டால் மற்றவருக்கு மனம் நோகும். உடற்றொழிலியல் துறையில் இருந்த ஓர் இளைஞர்தான் வழி சொன்னார்: “விளையனூர் ராமச்சந்திரனைப் போடுங்கோ அக்கா. மூளை விஞ்ஞானி, தமிழ் ஆள், தூரத்தில இருக்கிறார், ஒருத்தருக்கும் பிரச்சினையில்லை.”

தேடல் பெட்டியில் பெயரை அடித்ததும் முதல் தொல்லை வந்தது. இரண்டு ராமச்சந்திரன்கள் கலந்து வந்தார்கள். ஒருவர் ஜி. என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்னவர். 1963இல் சசிசேகரனோடும் ராமகிருஷ்ணனோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டார். உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. மற்றவர் எனக்கு வேண்டிய வி. எஸ். ராமச்சந்திரன். இருவருக்குமே முதல் எழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெள்ளைக்காரன் செய்த சுட்டிக்குச் சொந்தப் பெயர்தான் குடும்பப் பெயர். போதாததற்கு வி. எஸ்.இன் மனைவியும் ஆய்வாளர், பல கட்டுரைகளில் கூட்டு ஆசிரியர். அவர் கணவனின் சொந்தப் பெயரைத் தன் பெயரோடு இணைத்து டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரன் என்று எழுதுகிறார். வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது. அப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொண்டு திரிகிற எங்கள் விரிவுரையாளர்கள் பாதிப்பேரின் கட்டுரைகள் இப்படித்தான் வேறு யாருடைய கணக்கிலோ கிடந்தன.

ஜி. என்.ஐக் கழித்துவிட்டு வி. எஸ்.இன் பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்கினேன். 1972இல் தொடங்கியது. முதல் கட்டுரையே நேச்சர் இதழில்! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவனாக இருந்த பையன், இருபது வயது, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை எப்படிப் பார்க்கின்றன என்று நிறக் கண்ணாடித் தாள்களை வைத்துச் செய்த ஒரு சோதனை. எங்கள் மாணவர்கள் அந்த வயதில் உடற்கூற்றியல் வாய்மொழிப் பரீட்சைக்குக் கைநடுங்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம், 1983இல் சான் டியேகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். 1980களின் பட்டியல் முழுவதும் பார்வைதான். நிழலை வைத்து மூளை உருவத்தை எப்படி ஊகிக்கிறது, அசைவு எப்படித் தெரிகிறது என்று ஒன்றன்பின் ஒன்று. 1992இல் திடீரென்று தலைப்பு மாறுகிறது. கை இழந்தவர்கள், கால் இழந்தவர்கள்.

அந்த மாற்றத்தைப் பட்டியலில் கண்டபோது கேர்சரை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பாவுக்கு இடது கால் இல்லை.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மேற்கோளை எண்ணுகிற வழக்கத்தைப் பெரிய தொழிலாக்கியவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் சயன்ஸ் இதழில் யோசனையை எழுதினார், 1964இல் பிலடெல்பியாவில் விஞ்ஞான மேற்கோள் சுட்டியை வெளியிட்டார். அவருடைய நோக்கம் தேடலுக்கு உதவுவது. ஒரு பழைய கட்டுரை கையில் இருந்தால், அதற்குப் பிறகு யார் யார் அதைத் தொட்டார்கள் என்று முன்னோக்கிப் போகலாம். நூலகத்தில் இருப்பவளுக்கு அதன் அருமை தெரியும். ஆட்களுக்குப் புள்ளி போடுகிற வேலையை அதன் தலையில் பிற்பாடுதான் கட்டினார்கள். எச்-இன்டெக்ஸ் 2005இல் வந்தது. உங்களுடைய இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் இருபது. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் தடவை காட்டப்பட்டு மற்றதெல்லாம் சும்மா கிடந்தால் எண் ஒன்று. இதைச் சொன்ன ஹோர்ஹே ஹிர்ஷ் பௌதிகப் பேராசிரியர். அவரும் சான் டியேகோவில், ராமச்சந்திரன் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். ஒரே வளாகத்தில் ஒருவர், பின்னால் நான் சொல்லப்போகும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரிய, மற்றவர் அளவுகோலைச் செய்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

மேற்கோள் எண்ணிக்கையில் உலகத்தில் முதலிடம் லௌரியும் கூட்டாளிகளும் 1951இல் எழுதிய கட்டுரைக்கு. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். 2014இல் நேச்சர் ஒரு கணக்கெடுப்புப் போட்டபோது அதற்கு மூன்று இலட்சத்துக்கு மேல். முதல் நூறில் இடம்பிடிக்கவே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வேண்டியிருந்தது. வாட்சனும் கிரிக்கும் 1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை அந்த நூறில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்ட விஷயத்துக்கு யார் அடிக்குறிப்புப் போடுவார்கள்? ராமச்சந்திரன் வரைபடத்துக்கும் அதே கதி. தினமும் உலகெங்கும் போடுகிறார்கள், 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலர் குறிப்பதில்லை. பெயரே போதுமாகிவிட்டது.

இனி சித்தப்பா.

எங்கள் ஊர் முள்ளிக்குளம். மன்னாரிலிருந்து தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று கரையோடு இறங்கினால் கடைசியில் வரும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குளமும் வயலும், மோதரகம் ஆற்றைத் தாண்டினால் வில்பத்துக் காடு. 2007 செப்டெம்பரில் இராணுவம் சொல்லி ஊரை விட்டு வெளிக்கிட்டோம். சில நாளில் திரும்பலாம் என்றுதான் நினைப்பு. அந்த இடத்தில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து வந்த சனம் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டு, தங்கள் கோயிலுக்குத் தாங்களே அனுமதி கேட்டுப் போகிற நிலை. 2017 மார்ச்சில் வாயிலின் முன்னால் குந்தி இருந்து போராடினார்கள். ஏப்ரல் கடைசியில் நூறு ஏக்கர் விடுவதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுதுவதென்றால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

சித்தப்பாவுக்குக் கால் போனது யுத்தம் முடிந்த மறு வருடம். விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடலுக்குப் போன மனிதன் வலை பொத்துகிறவராக மாறினார். பொய்க்கால் கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் கடைக்கும் போவார். பகலில் ஒன்றும் இல்லை. இரவு படுத்தால் இல்லாத கால் வலிக்கும்.

“விரல் எல்லாம் உள்ளுக்கு மடங்கிப்போய்க் கிடக்குது. நண்டு கவ்வினது மாதிரி. விரிக்க ஏலாமல் கிடக்குது” என்பார். சித்தி எழும்பி வெறும் பாயைத் தடவிக்கொண்டிருப்பா. வேறு எதைத் தடவுவது? பக்கத்துக் கொட்டில் ஆச்சி ஒருத்தி, வெட்டின காலை ஆஸ்பத்திரியில் கோணலாகப் புதைத்திருப்பார்கள், தோண்டி நேராக வைத்தால் சரிவரும் என்று அடித்துச் சொன்னா. இப்படிச் சொல்கிறவர்கள் பல நாடுகளிலும் உண்டு. சித்தப்பா அதைப் பாதி நம்பினார். எந்த ஆஸ்பத்திரி, எந்த மூலை என்று விசாரிக்கக்கூடத் தொடங்கியிருந்தார்.

இந்த வலி புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் அம்புரோஸ் பாரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த வீர் மிட்செல் 1871இல் அதற்கு ஆவி உறுப்பு என்று பெயர் வைத்தார். வெட்டுண்ட இடத்து நரம்பு நுனியில்தான் கோளாறு என்று நெடுங்காலம் நினைத்தார்கள். இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பார்த்தார்கள், பலருக்கு வலி அசையவில்லை.

ராமச்சந்திரன் இதற்குள் வந்தது ஒரு குரங்குக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு. 1991இல் டிம் பொன்ஸும் மற்றவர்களும், கையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் பல ஆண்டுகளுக்கு முன் அறுக்கப்பட்ட குரங்குகளைச் சோதித்தார்கள். மூளையில் கைக்கென்று இருந்த பகுதி, முகத்தைத் தொட்டபோது வேலை செய்தது. மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வளவு முகம். ஆளில்லாத வளவுக்குள் அயலவர் வேலியைத் தள்ளி வைத்துவிட்டார். முள்ளிக்குளத்தாளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ராமச்சந்திரன் செய்தது, பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு கை இழந்த மனிதரின் முகத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டது. கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையின் விரலைத் தொடுகிறீர்கள் என்றார் அவர். 1992இல் சயன்ஸில் வந்தது. கோடிக்கணக்கில் பெறுமதியான ஸ்கேன் இயந்திரங்கள் உள்ள நாட்டில், பஞ்சுக் குச்சியால் சயன்ஸுக்கு ஒரு கட்டுரை. காலுக்குப் பக்கத்து வளவு எது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அது பிறப்புறுப்பு. அதை வைத்து அவர் கேட்ட கேள்விகளைச் சித்தப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

கண்ணாடி பற்றிய கட்டுரை 1996இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி ஏற்பாட்டால் எங்கள் போன்ற நாடுகளுக்குப் பல சஞ்சிகைகள் திறந்தன. அந்தத் தயவில் இருந்த இடத்திலேயே தரவிறக்கி வாசித்தேன். மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி, நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் விட்டால், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் போய் நிற்கும். இரண்டு கையையும் ஒன்றாக அசைக்கச் சொல்வது. பத்துப் பேரில் ஆறு பேருக்கு இல்லாத கை அசைவதாகத் தோன்றியது. அதில் ஒருவருக்குப் பத்து வருடமாக அசையாமல் கிடந்த கை. ஐந்து பேருக்கு விரல்கள் இறுக மூடி நகம் உள்ளங்கையில் குத்துகிற வலி. கண்ணாடியில் கை விரிவதைக் கண்டதும் நாலு பேருக்கு அந்தப் பிடி விட்டது.

ஏன் விடுகிறது? ராமச்சந்திரனின் ஊகம் இது. மூளை விரி என்று கட்டளை அனுப்புகிறது, விரிந்தேன் என்று பதில் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பதில் வராததால் கட்டளையை இன்னும் இறுக்குகிறது. கண் வழியாக ஒரு பொய்ப் பதில் கொடுத்தால் அது அடங்கும். ‘விரிக்க ஏலாமல் கிடக்குது’ என்ற சித்தப்பாவின் சொல் அந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகிக் கிடந்தது.

அது கைக்கு. காலுக்கு 2007இல் வந்த இன்னொரு கட்டுரை இருந்தது. அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் சானும் மற்றவர்களும் கால் இழந்தவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, நாலு கிழமை, தினம் பதினைந்து நிமிடம் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன்னால் இருந்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை செய்தவர்களில் நாலு பேருக்கு வலி கூடிவிட்டது. பெரிய மருத்துவ இதழான நியூ இங்கிலாந்தில் வந்த அந்தக் கடிதத்தின் ஆட்கணக்கு அவ்வளவுதான்.

மன்னாரில் ஒரு தளபாடக் கடையில் நிலைக்கண்ணாடி ஒன்று வாங்கிச் சாக்கில் சுற்றி, சிலாவத்துறைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றினேன். “கலியாண வீடோ?” என்று கொண்டக்டர் கேட்டார். கால் மாட்டப் போறேன் என்றால் இறக்கி விட்டிருப்பார், ஓமென்றேன்.

மலங்காட்டில், கொட்டிலுக்கு முன்னால் பாயைப் போட்டுச் சித்தப்பாவை இருத்தினோம். சாரத்தைத் தொடை வரை மடித்துக்கொண்டார். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நீளப்பாட்டுக்கு நிமிர்த்தி, சரியாமல் இருக்க ஒரு வலைக்கட்டை அண்டைகொடுத்தோம். வெட்டுண்ட கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. வலது காலின் பிம்பம் இடது காலாக நீட்டிக்கொண்டு கிடந்தது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டா. சித்தப்பா நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை:

“இது என்ர கால் இல்லை.”

ஏன் என்று கேட்டேன். அவருடைய வலது பாதத்தில் திருக்கை முள் குத்திய பழைய தழும்பு ஒன்று, பெருவிரலுக்கு மேலே கறுத்து வழுவழுப்பாக இருக்கும். கண்ணாடிக் காலிலும் அது இருந்தது. “இந்தக் காலில எனக்குத் திருக்கை குத்தேல்லை” என்றார். சரி என்று பவுடரைத் தண்ணீரில் குழைத்துத் தழும்பில் பூசினோம். மோதிரத்தைக் கழற்ற வேண்டும், பச்சை குத்தியதையும் தழும்பையும் மறைக்க வேண்டும் என்று இந்தச் சிகிச்சைக்கான வழிகாட்டிகளில் போட்டிருப்பதைப் பிறகு வாசித்தேன். சித்தப்பா வாசிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

விரல்களை மடக்கச் சொன்னேன். இரண்டு காலையும் மடக்குகிற நினைப்போடு மடக்க வேண்டும் என்றேன். மடக்கினார். மெதுவாக விரிக்கச் சொன்னேன். விரித்தார், பிறகு மடக்கினார், திரும்ப விரித்தார். பிள்ளைகள் சுற்றிவரக் கூடிவிட்டார்கள். ஒருவன் கண்ணாடிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்து ‘கால் இல்லை’ என்று கத்தினான், சித்தி அவனைத் துரத்தினா. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா கண்ணை எடுக்காமலே, “சின்ன விரல் விட்டிட்டுது” என்றார். பிறகு, “பெருவிரல் விடுதில்லை, அவன் பிடிவாதக்காரன்” என்றார்.

அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கு விருப்பம்தான், ஆனால் நடக்கவில்லை. சில கிழமைகளில் இரவு வலி குறைந்தது. விடிய விடிய விழித்திருந்தவர் நடுச்சாமத்தில் ஒருக்கால் எழும்பிப் படுக்கிறவரானார். வாடைக்காற்றுத் தொடங்கிய மாதத்தில் திரும்ப வந்தது, திரும்பக் கண்ணாடியை எடுத்தார். கால் ஆஸ்பத்திரியில் கோணலாகக் கிடக்கிறது என்ற விசாரணையை விட்டுவிட்டார். சித்தி நித்திரை கொண்டா. எந்தக் கட்டுரையிலும் மனைவிமாரின் நித்திரையை யாரும் அளந்து நான் காணவில்லை.

செய்தி பரவிக் காயாக்குழியிலிருந்து ஒருவர் ஆள் விட்டார். போய்ப் பார்த்தால் அவருக்கு இரண்டு காலும் இல்லை. கண்ணாடிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. இன்னொருவர் தலை சுற்றுகிறது என்று இரண்டாம் நாளே விட்டுவிட்டார். கம்போடியாவில் ஸ்டீவன் சம்னர் என்ற கனடாக்காரர், தானே ஒரு காலை இழந்து கண்ணாடியால் வலி தீர்ந்தவர், மிதிவண்டியில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு மிதிவெடிக் கிராமங்களில் ஊர் ஊராகத் திரிந்தார் என்று பின்னர் வாசித்தபோது, இரண்டு காலும் போனவர்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் யோசித்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்யும் இயன்மருத்துவப் பெண் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “கண்ணாடி வைக்கிறதோ? நாங்கள் படிக்கேக்கையே சொல்லித் தந்தவை. பக்கவாதக்காரருக்கும் வைக்கிறனாங்கள்” என்றார். ஆர் கண்டுபிடித்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியாது என்றார். பக்கவாதத்துக்குக் கண்ணாடி வைக்கலாம் என்பது 1999இல் லான்செட்டில் வந்தது, அதிலும் ராமச்சந்திரனின் பெயர் உண்டு. ஸ்டான்லியில் படித்த தமிழர் என்று சொன்னதும், “அப்பிடியே?” என்றுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த அறையில் கண்ணாடி சுவரோடு சாய்த்து நின்றது. கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் இரசம் போயிருந்தது. எத்தனை பேர் அதன் முன்னால் இருந்திருப்பார்கள்! ஒருவரும் எந்தச் சுட்டியிலும் ஏறவில்லை.

சுட்டியில் ஏறியவை எவை என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். 1996ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. 1998இல் பிரெயின் இதழில் ஹிர்ஸ்டீனோடு எழுதிய நீண்ட கட்டுரைக்கும் அப்படியே. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் நன்றி சொல்பவர்கள், போகிற போக்கில் பெயர் போடுகிறவர்கள், சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2008இல் மோஸ்லியும் கூட்டாளிகளும் கண்ணாடிச் சிகிச்சைக்குக் கிடைத்த புகழ் அதற்குத் தகுமா என்று கேட்டு எழுதியது ஒரு மேற்கோள். 2013இல் ஆக்ஸ்போர்ட்டிலிருந்து தமார் மேக்கின் குழு இன்னும் அடிமடியில் கை வைத்தது. வலி கூடியவர்களின் மூளையில் இல்லாத கையின் பகுதி அயலவரால் விழுங்கப்படவில்லை, அது தன் உருவத்தோடு அப்படியே வேலை செய்துகொண்டிருக்கிறது என்றார்கள். அயல் வளவுக்காரன் வேலி தள்ளியது வலிக்குக் காரணமாகலாம் என்று ஹெர்த்தா ஃப்ளோர் 1995இல் அளந்து சொன்னதற்கு நேர் எதிர். அந்த மறுப்பும் கணக்கில் ஒன்று.

ராமச்சந்திரனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு சின்னச் சோதனையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கலை, மொழி, நாகரிகம் என்று ஓடிவிடுவார். 2000இல், கண்ணாடி நியூரான்கள் என்ற மூளைக்கலங்கள் உளவியலுக்குச் செய்யப்போவது, டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததற்கு ஒப்பானது என்று எழுதினார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டிசத்துக்கு அந்தக் கலங்களின் பழுதுதான் காரணம் என்றதும் நிற்கவில்லை. அவற்றை மறுக்க எழுதியவர்கள் பலரும் அவரை மேற்கோள் காட்டித்தான் மறுத்தார்கள். பிழையாய்ப் போன பெரிய பேச்சும் சரிவந்த சின்னக் கண்ணாடியும் எச்-இன்டெக்ஸில் ஒரே நிறுவையில் நிற்கின்றன. இதை வகுப்பில் சொன்னபோது பதவி உயர்வுக் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர், “அப்ப வேற எதால அளக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கட்டுரைகளை எடுத்து வாசிக்கலாம் என்றேன். அவருக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கு முன்னால் நாற்பது விண்ணப்பங்கள் கிடந்தன.

அந்த இயன்மருத்துவப் பெண் பிறகு தன் நோயாளிகளை ஒரு சி. ஆர். கொப்பியில் பதியத் தொடங்கினார். திகதி, எந்தக் கால், எத்தனை நிமிடம், வலி பூச்சியத்திலிருந்து பத்து வரை. சித்தப்பாவும் அதில் ஒரு வரிசை. அதை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். ஆட்கள் குறைவு, ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லை என்று திரும்பி வந்தது. “அவர் பத்துப் பேரை வைச்சு எழுதினவர்தானே? அமெரிக்காக்காரர் ஆறு ஆறு பேரை வைச்சு?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அமெரிக்காக்காரர் மூடின கண்ணாடியும் வைத்திருந்தார்கள் என்பதைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனாலும் விளங்கிக்கொண்டார். மூடின கண்ணாடியின் முன்னால் நாலு கிழமை ஒருவரை இருத்துவதற்கு மனம் வருமா என்று கேட்டார். அதற்கு அனுமதி கொடுக்க ஓர் ஒழுக்கநெறிக் குழு இருக்கிறது, முதலில் அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இப்போது அதை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறார். போன மாதம் அழைத்து, முன்னுரையில் எந்தக் கட்டுரையைக் காட்டுவது என்று கேட்டார். 1996ஐயும் 2013ஐயும் அனுப்பினேன். இரண்டையும் வாசித்துவிட்டு மறுபடி எடுத்தார்.

“அக்கா, ரெண்டும் ஒண்டை ஒண்டு வெட்டுது. எதைப் போடுறது?”

“ரெண்டையும் போடுங்கோ. காரணத்தில சண்டை, கண்ணாடியில இல்லை. அதையும் ஒரு வரி எழுதுங்கோ.”

“பெயர் எப்பிடிப் போடுறது? ராமச்சந்திரன் வி. எஸ். எண்டோ?”

“ஓம். ஜி. என். வந்திட்டால் கொலாஜனுக்குப் போயிடும், கவனம்.”